கோடும் கூலியும்: ஓவியர்களின் கேள்விகளுக்குப் பதில்

கல்யாணப் பத்திரிகைக்கு மாப்பிள்ளை, பெண் கார்ட்டூன் வரைந்து தருகிறேன். படத்துக்கு 500 ரூபாய். இரண்டு நாள் போய்விடுகிறது. கூட்டிக் கேட்டால், "ஆண்டர்சன் தெருவில் பத்திரிகையோடு சேர்த்தே போட்டுத் தர்றாங்களே" என்கிறார்கள். என்ன விலை சொல்வது?
– வாசகி, வியாசர்பாடி

ஆண்டர்சன் தெருப் பத்திரிகைக் கடைகளில் பத்திரிகையோடு வருவது ஏற்கெனவே வரைந்து வைத்திருக்கும் பொம்மை. பெயரை மட்டும் மாற்றுவார்கள், முகம் யாருடையதும் இல்லை. நீங்கள் விற்பது அந்தப் பெண்ணின் மூக்கையும் அந்தப் பையனின் சிரிப்பையும். இரண்டும் வேறு வேறு சரக்கு. அதனால் அந்த விலையோடு மல்லுக்கு நிற்காதீர்கள், உங்கள் கணக்கை உங்கள் வீட்டிலிருந்து தொடங்குங்கள்.

மாதம் வீட்டுக்கு 20,000 வேண்டும் என்று வையுங்கள். டேப்லெட் 72,000 ரூபாய்க்கு வாங்கியிருந்தால் அது 3 வருடம் உழைக்கும் என்று வைத்து மாதம் 2,000. நெட், கரண்ட் 1,500. ஆப், ரிப்பேர், பேனா முனை 1,000. அலைச்சல், மாதிரி பிரிண்ட் 500. ஆக மாதம் 25,000, வருடத்துக்கு 3,00,000.

அடுத்தது நேரம். இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். நாளுக்கு 8 மணி நேரம் உட்கார்ந்தாலும், ஒரு வேலையின் பேரில் எழுதக்கூடியது 4 மணி நேரம்தான். மிச்சமெல்லாம் விலை மட்டும் விசாரித்துவிட்டுக் காணாமல் போகிறவர்களுக்குப் பதில் சொல்வதிலும், பாக்கி கேட்பதிலும், கை பழகுவதிலும் கரைந்துவிடும். மாதம் 25 நாள் என்றால் 100 மணி நேரம். கல்யாண வேலையை நம்பியிருப்பவர்களுக்கு ஆடியும் மார்கழியும் வறட்சி. ராயபுரம் பக்கம் தவக்காலத்திலும், மண்ணடி பக்கம் ரமலானிலும் கல்யாண வேலை மெலியும். எனவே 12 மாதமல்ல, 10 மாதம் என்றே கணக்கிடுங்கள். வருடத்துக்கு 1,000 மணி நேரம். 3,00,000-ஐ வகுத்தால் மணிக்கு 300. காய்ச்சலுக்கும் வராமல் போகும் பாக்கிக்கும் சேர்த்து 350 என்று வையுங்கள். இது லாபமல்ல, நஷ்டப்படாமல் இருக்க வேண்டிய கீழ் எல்லை.

இப்போது ஒரு படம். பேச்சும் போட்டோ பார்ப்பதும் 1 மணி, ரஃப் 2, லைன் 3, கலர் 4, கரெக்ஷன் ஒன்றரை, ஃபைல் தயார் செய்ய அரை. மொத்தம் 12 மணி, 4,200 ரூபாய். நீங்கள் வாங்கும் 500-ஐ இந்த 12-ஆல் வகுத்துப் பாருங்கள், மணிக்கு 42 ரூபாய்கூட வராது.

அவ்வளவு தர முடியாது என்று வந்தால் மணி விலையைக் குறைக்காதீர்கள், வேலையைக் குறையுங்கள். மார்பளவு, வெற்றுப் பின்னணி, ஒரே ஒரு கரெக்ஷன் என்றால் 5 மணியில் முடியும்: 1,750. முழு உருவம் என்றால் 9 மணி: 3,150. பின்னணியும் சேர்ந்தால்தான் 4,200. விலை சொல்வதற்கு முன் இரண்டு கேள்வி கேட்டே ஆகவேண்டும்: "போட்டோவில் இருக்கிற அதே புடவையா? பின்னால் என்ன வரணும்?" அதே காஞ்சிபுரம் புடவை, அதே ஜரிகை என்றால் பார்டருக்கு மட்டுமே ஒரு மணி நேரம் கூடும். 1856-ல் திறந்த ராயபுரம் ரயில் நிலையம் பின்னால் வேண்டும் என்பார்கள். அந்தத் தூண் வரிசையைப் பார்வைக் கோணத்தோடு சாய்த்துக் கொண்டுவர இரண்டு மூன்று மணி நேரம் பிடிக்கும். அழகான கட்டடம்தான், இலவசமாக வரைந்து தரக் கட்டாயம் இல்லை.

தெரிந்தவர்களிடம் அட்வான்ஸ் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. எவ்வளவு கேட்கலாம்?
– வாசகர், கொருக்குப்பேட்டை

பாதி. பணம் வந்த பிறகே பென்சில். மீதிப் பாதி வந்த பிறகே அச்சுக்குப் போகும் பெரிய ஃபைல். 20,000-க்கு மேற்பட்ட வேலை என்றால் 40, 30, 30 என்று மூன்றாகப் பிரிக்கலாம். தெரிந்தவர்களுக்குக் குறைத்துத் தரலாம், ஆனால் பில்லில் முழு விலையை எழுதி அதன் கீழே "தள்ளுபடி" என்று ஒரு வரி போடுங்கள். இல்லையென்றால் அடுத்த தடவை அவர் அனுப்பும் ஆளும் தள்ளுபடி விலையையே உங்கள் விலை என்று நினைத்துக்கொண்டு வருவார். பணம் போட்டதாக ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினால் வங்கிக் கணக்கைத் திறந்து பார்த்த பிறகு வேலையைத் தொடுங்கள். பணம் *வாங்க* யுபிஐ பின் நம்பர் தேவையில்லை. "இந்தக் க்யூ.ஆரை ஸ்கேன் பண்ணுங்க, அட்வான்ஸ் வந்துடும்" என்கிற ஆள் வாடிக்கையாளர் அல்ல, ஃப்ராடு.

"இன்னும் கொஞ்சம் மாத்துங்க" என்று ஒரே படத்துக்கு 14 கரெக்ஷன் சொல்லிவிட்டார் ஒருவர். கடைசியில் பெண்ணின் தாய்மாமா பார்த்துவிட்டு, நிற்கிற பெண்ணை உட்கார வைக்கச் சொல்கிறார். எத்தனை தடவை மாற்றித் தர வேண்டும்?
– வாசகர், புது வண்ணாரப்பேட்டை

தவறு 14-ல் இல்லை, தாய்மாமா கடைசியில் பார்த்ததில் இருக்கிறது. கலர் முடிந்த படத்தில் நிற்கிறவரை உட்கார வைப்பது கரெக்ஷன் அல்ல, புதுப் படம்.

வேலையை மூன்று படியாகப் பிரியுங்கள். ரஃப் நிலையில் நிற்பதா உட்கார்வதா, யார் எந்தப் பக்கம், என்ன உடை, பின்னணி என்ன என்பதெல்லாம் முடிவாக வேண்டும். இங்கே இரண்டு முறை மாற்றலாம், ரஃப்பில் ஆளைத் தூக்கி நகர்த்த பத்து நிமிடம் போதும். லைன் நிலையில் முகச்சாயல் மட்டும், ஒரு முறை. கலர் நிலையில் கலர் மட்டும், ஒரு முறை. ஒவ்வொரு படியின் முடிவிலும் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். "சூப்பர்" என்று பதில் வந்தால் அது சம்மதம் ஆகாது, கட்டைவிரல் பொம்மையும் ஆகாது. இப்படி அனுப்பலாம்:

"ரஃப் அனுப்பியிருக்கிறேன். நிற்கும் விதம், உடை, பின்னணி மூன்றையும் வீட்டில் எல்லாரிடமும் காட்டிவிட்டு 'லைனுக்குப் போகலாம்' என்று எழுதி அனுப்புங்கள். இதற்குப் பிறகு இந்த மூன்றும் மாறினால் மணிக்கு 350 ரூபாய் கூடும்."

"வீட்டில் எல்லாரிடமும்" என்பதை விட்டுவிடாதீர்கள், தாய்மாமாவை முதலிலேயே உள்ளே கொண்டுவருவது அதுதான். வேலை பேசும்போதே கடைசி வார்த்தை யாருடையது என்றும் கேட்டுவிடுங்கள். ஒரே ஒருவர் மட்டும் கரெக்ஷன் சொல்ல வேண்டும். மாப்பிள்ளை தாடியைக் குறை என்பார், பெண் கூட்டு என்பாள். அதை அவர்களுக்குள் பேசி முடிக்கட்டும்.

கரெக்ஷனைச் சொட்டுச் சொட்டாக வாங்காதீர்கள். எல்லாவற்றையும் ஒரே பட்டியலாகக் கேளுங்கள். வாய்ஸ் மெசேஜில் சொன்னால் கேட்டு முடித்ததும், "நீங்கள் சொன்னது: 1. நெத்திச்சுட்டி பெரிதாக, 2. மாப்பிள்ளை உயரம் கூட, சரியா?" என்று தட்டச்சு செய்து அனுப்பிவிடுங்கள். பின்னால் தகராறு வந்தால் நாலு நிமிட ஆடியோவை யாரும் திரும்பக் கேட்க மாட்டார்கள். நடுவில் காட்டும் படமெல்லாம் 1,000 பிக்சலுக்கு மேல் வேண்டாம், குறுக்கே உங்கள் பெயர் இருக்கட்டும்.

உங்கள் பிழை கணக்கில் சேராது. ஆறு விரல் போட்டுவிட்டீர்கள், அவர்கள் சரியாகக் கொடுத்த பெயரைத் தப்பாக எழுதிவிட்டீர்கள் என்றால் எத்தனை முறையானாலும் காசு வாங்காமல் திருத்துவதுதான் முறை. தலை, உடல், உடை, பின்னணி எல்லாம் தனித்தனி லேயரில் (ஒன்றின் மேல் ஒன்றாக வைத்த கண்ணாடித் தாள் மாதிரி) இருந்தால் நேரமும் மிச்சமாகும்.

பாதியில் நிறுத்தினால் என்ன என்பதையும் முதலிலேயே எழுதுங்கள். ரஃப் முடிந்து நிறுத்தினால் அட்வான்ஸ் திரும்பாது, லைன் முடிந்து நிறுத்தினால் முக்கால் பங்கு தர வேண்டும். 7 நாள் பதில் இல்லாவிட்டால் டெலிவரி தேதி தள்ளிப் போகும், 30 நாள் ஆனால் வேலை மூடப்படும்.

போனில் பளபளவென்று இருந்த ராணி பிங்க் புடவை, பத்திரிகையில் செங்கல் பொடி மாதிரி வந்துவிட்டது. 500 காப்பி. திரும்ப அடிக்கிற செலவை என்னிடம் கேட்கிறார்கள்.
– வாசகி, பெரம்பூர்

திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, பிரஸ் நாலு மையால். ராணி பிங்க், கிளிப்பச்சை, பளிச்சிடும் நீலம் மூன்றும் அந்த நாலு மைக்குள் அடங்காது. பட்டுப் புடவையில் அதிகம் வரும் நிறங்களும் இவைதான் என்பது நம் தலையெழுத்து. அச்சுக்குப் போகும் படத்தை ஆரம்பத்திலேயே சி.எம்.ஒய்.கே-யில், அதாவது அந்த நாலு மைக்கான நிற அமைப்பில், திறந்து வரையுங்கள். அந்த வசதி இல்லாத ஆப் என்றால் கலரைத் தொடுவதற்கு முன் ஒரு சின்ன நிறப் பட்டையைப் பிரஸ்ஸில் அடித்துப் பாருங்கள். 500 காப்பிக்கு முன் ஒரு காப்பி புரூஃப் (மாதிரி அச்சு) பார்த்து, அதில் அவர்கள் கையெழுத்தையும் வாங்க வேண்டும்.

செலவு யாருடையது? வரைந்து தருவதை மட்டும் ஒப்புக்கொண்டிருந்தால் புரூஃப் பார்ப்பது அவர்கள் பொறுப்பு. அச்சடித்தும் தருகிறேன் என்று சொல்லியிருந்தால் நஷ்டம் உங்களுடையது. எதையுமே எழுதவில்லை என்றால் இந்த முறை பாதிப் பாதி பேசி முடியுங்கள்.

அளவிலும் ஏமாறுவார்கள். 5க்கு 7 அங்குலப் பத்திரிகை என்றால் 300 டி.பி.ஐ-யில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) 1,500க்கு 2,100 பிக்சல். வெட்டுக்காகச் சுற்றிலும் 3 மில்லிமீட்டர் கூடுதல் விட வேண்டும், அதாவது பக்கத்துக்கு 35 பிக்சல். எழுத்து எதுவும் வெட்டு ஓரத்திலிருந்து 5 மில்லிமீட்டருக்குள் வரக் கூடாது. ஃப்ளெக்ஸுக்கு இந்தக் கணக்கு வேண்டாம். 10க்கு 8 அடியை 300-ல் திறந்தால் 36,000க்கு 28,800 பிக்சல், கம்ப்யூட்டர் படுத்துவிடும். தூரத்திலிருந்து பார்ப்பது என்பதால் 72 போதும்: 8,640க்கு 6,912. வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும், டாக்குமென்ட்டாக அனுப்புங்கள்.

தமிழ் மேட்டரை வாடிக்கையாளரே டைப் செய்து அனுப்பட்டும். சாஃப்ட்வேரில் இந்திய மொழிக்கான அமைப்பு அணைந்திருந்தால் "செல்வி"யின் கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் உட்காரும். அமைப்பைச் சரிசெய்து, பார்த்து, எழுத்தை அவுட்லைனாக, அதாவது ஃபான்ட் தேவைப்படாத வெறும் வடிவமாக, மாற்றிய பிறகே பிரஸ்ஸுக்கு அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் அங்கே அந்த ஃபான்ட் இல்லாமல் மறுபடி உடையும்.

எம்.சி. ரோடு துணிக்கடை ஒன்றுக்குக் கட்டைப்பைக்கென்று ஒரு படம் வரைந்தேன், 3,000 ரூபாய். இப்போது அதே படம் போர்டிலும், அவர்கள் விற்கிற டி-ஷர்ட்டிலும் இருக்கிறது. கேட்டால் "காசு கொடுத்தாச்சே" என்கிறார்கள்.
– வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை

எதற்குக் காசு கொடுத்தார்கள் என்பதுதான் கேள்வி. 1957-ஆம் வருடக் காப்புரிமைச் சட்டப்படி உரிமையைக் கைமாற்றுவது எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். எத்தனை காலம் என்று எழுதாவிட்டால் 5 வருடம், எந்த இடம் என்று எழுதாவிட்டால் இந்தியா. உங்களிடம் அப்படி ஒரு தாளே இல்லை என்றால், மொத்த உரிமையும் எங்களுடையது என்று அவர்கள் எளிதில் சொல்லிவிட முடியாது.

ஆனால் ஒரு பொறி இருக்கிறது. காசு கொடுத்து வரையச் சொன்ன பெயின்டிங், உருவப்படம் ஆகியவற்றுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், வரையச் சொன்னவரே முதல் உரிமையாளர் என்று அதே சட்டத்தின் 17-ஆவது பிரிவு சொல்கிறது. டேப்லெட்டில் வரைந்தது பெயின்டிங்கா, டிராயிங்கா என்று வக்கீல்கள் வாதாடலாம். நீங்கள் அந்த வாதத்துக்கு இடம் வைக்காமல் கொட்டேஷனிலேயே எழுதி இரண்டு பக்கமும் கையெழுத்திடுங்கள்: "காப்புரிமை ஓவியருடையது. இந்தக் கட்டணம் கட்டைப்பையில் அச்சிட மட்டும், 1 வருடம், தமிழ்நாடு." மாதச் சம்பளத்துக்கு வரைகிறவர்களின் கதை வேறு, அங்கே உரிமை முதலாளிக்கு. உரிமையை விற்றாலும், வரைந்தவர் நான் என்று சொல்லிக்கொள்ளவும், பெயர் கெடும்படி படத்தைச் சிதைத்தால் ஆட்சேபிக்கவும் 57-ஆவது பிரிவு ஓவியருக்கு இடம் தருகிறது.

உங்கள் விஷயத்தில் வக்கீல் நோட்டீஸோடு தொடங்க வேண்டாம், பில்லோடு தொடங்குங்கள். "பைக்கு வரைந்த படத்தை போர்டிலும் டி-ஷர்ட்டிலும் பயன்படுத்தியிருக்கிறீர்கள். அதற்கான கட்டணம் இது" என்று ஒரு பக்கக் கடிதம், கூடவே இரண்டு போட்டோ. எங்கள் கணக்கு இது: போர்டுக்கு அடிப்படைக் கட்டணத்தில் பாதி. விற்பனைச் சரக்கில் போட்டால் அடிப்படைக் கட்டணம் இன்னொரு முழு மடங்கு, அல்லது துண்டுக்கு இவ்வளவு. எல்லா உரிமையும் வேண்டும் என்றால் மூன்று மடங்குக்குக் குறையாமல். லேயரோடு கூடிய மூல ஃபைல் இதில் சேராது, அதற்குத் தனி விலை. டி-ஷர்ட்டில் ஸ்க்ரீன் பிரிண்ட் என்றால் ஒவ்வொரு கலருக்கும் ஒரு ஸ்க்ரீன், 12 கலர் படத்தை 3 கலருக்கு இறக்கித் தருவதும் தனி வேலைதான். அந்த வேலையைக் கையில் வைத்துப் பேசினால் கடைக்காரர் சீக்கிரம் இறங்கி வருவார்.

கம்பெனி ஒன்றுக்கு 60,000 ரூபாய் பில் போட்டேன். மூன்று மாதம் இழுத்து 54,000 கொடுத்தார்கள். 6,000 போனது போனதுதானா?
– வாசகர், மாதவரம்

போகவில்லை. அது டி.டி.எஸ், பணம் தரும்போதே பிடித்து உங்கள் பேரில் அரசுக்குக் கட்டும் வரி, 10 சதவீதம். தொழில்முறைக் கட்டணம் ஒரே கம்பெனியிடமிருந்து வருடத்துக்கு 50,000-ஐத் தாண்டினால் பிடிப்பார்கள் (2025 ஏப்ரலுக்கு முன் இந்த எல்லை 30,000). உங்கள் பான் எண்ணில் அது ஏறியிருக்கிறதா என்று வருமான வரித் தளத்தில் 26ஏ.எஸ் படிவத்தைப் பாருங்கள். ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போது கட்டவேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம், வரியே வராவிட்டால் திரும்பக் கிடைக்கும். பான் தராதவர்களிடம் 20 சதவீதம் பிடிப்பார்கள். ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் என்றால் ஜி.எஸ்.டி பதிவு பொதுவாகத் தேவையில்லை, பதிவு இல்லாமல் பில்லில் ஜி.எஸ்.டி வசூலிக்கவும் கூடாது.

மூன்று மாத இழுத்தடிப்புக்கு மருந்து உத்யம் பதிவு, குறு, சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு. ஆன்லைனில் இலவசம், காசு கேட்கும் இடைத்தரகர் வேண்டாம். பதிவு செய்த குறு, சிறு தொழிலுக்கு 45 நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும், எழுத்தில் கெடு இல்லாவிட்டால் 15 நாளுக்குள். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் பேங்க் ரேட் என்ற வட்டி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டு வட்டியாக. பதிவை வேலை எடுக்கும் முன்பே முடித்து, எண்ணைப் பில்லின் தலைப்பில் போடுங்கள். அக்கவுன்ட்ஸ் பிரிவில் அந்த எண்ணைப் பார்த்ததும் பில் சற்று வேகமாக நகரும்.

திருவொற்றியூரில் ஒரு பள்ளிக்கூடச் சுற்றுச்சுவரில் படம் போடக் கேட்கிறார்கள். 40 அடி நீளம், 8 அடி உயரம். சதுர அடிக்கு என்ன சொல்லலாம்?
– வாசகி, எண்ணூர்

சுவரைத் தொட்டுப் பார்க்காமல் எதுவும் சொல்லாதீர்கள். கடலோரச் சுவரில் உப்புப் பூத்திருக்கும். அதன் மேல் அடித்தால் படம் அப்பளம் மாதிரி உரிந்து வரும். இரண்டடிச் சதுர பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி 24 மணி நேரம் விடுங்கள். உள்பக்கம் நீர் கோத்திருந்தால் சுவரில் ஈரம் இருக்கிறது, வேலையைத் தள்ளிப் போடுங்கள். புதுப் பூச்சு என்றால் 28 நாள் காய வேண்டும். பூத்த உப்பை முதலில் காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்து உதிர்க்க வேண்டும். எடுத்ததும் தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போகும்.

320 சதுர அடி. பிரைமர் ஒரு கோட், அதன் மேல் வெளிச்சுவர் எமல்ஷன் இரண்டு கோட். இரண்டு கோட்டும் சேர்த்து லிட்டருக்கு 50 சதுர அடி என்று வைத்தால் எமல்ஷனே 7 லிட்டர் வேண்டும். பிரைமரும் படத்துக்கான கலர்களும் அதற்கு மேல். ஸ்கெட்ச்சை ஓர் அங்குலத்துக்கு ஓர் அடி என்று போட்டுக் கட்டம் கட்டுங்கள், சுவரில் சுண்ணாம்பு நூல் அடித்து அதே கட்டத்தை எடுத்துவிடலாம்.

விலைக்கு ஓர் உதாரணம். நாளுக்கு 6 மணி, 8 நாள், மணிக்கு 350 என்றால் 16,800. உதவியாளுக்கு நாளுக்கு 900 வீதம் 7,200. பெயின்ட், பிரைமர், பிரஷ் 8,000. போக்குவரத்து 1,000. மொத்தம் 33,000, சதுர அடிக்கு 103 ரூபாய். பள்ளியே பெயின்ட் வாங்கித் தந்தால் 8,000-ஐக் கழியுங்கள். ஆனால் கலர் எண்ணை நீங்களே எழுதிக் கொடுங்கள், இல்லாவிட்டால் உள்சுவர் டிஸ்டம்பர் வந்து இறங்கும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஒப்புக்கொள்ளாதீர்கள். குழந்தைகள் தினத்துக்குள் வேண்டும் என்று பள்ளி நிச்சயம் கேட்கும். கேட்டால் செப்டம்பரிலேயே சுவரைக் கையில் தரச் சொல்லுங்கள், மழை நாள் ஒவ்வொன்றுக்கும் உதவியாள் கூலி தனி என்று கொட்டேஷனில் ஒரு வரி சேருங்கள்.